“ஓடும்”, “ஓடாது”: சர்க்யூட் டிசைன் சர்ச்சையை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையாக இருந்தாலும் சரி, செந்தூலில் வீட்டு முன்கூடத்தில் நடக்கும் பட்டறையாக இருந்தாலும் சரி, புது சர்க்யூட் ஒன்று மேசைக்கு வந்ததும் இருவர் எதிரெதிராக நிற்பது வழக்கம். “தம்பி, என் மேசையில ஓடுது, வந்து பாரு” என்பார் ஒருவர். “ஓடலாம் அண்ணே, ஆனா டேட்டாஷீட் கணக்குப்படி ஓடக்கூடாதே” என்பார் மற்றவர். பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மைதான். ஒருவர் பார்த்தது ஒரு போர்டு, ஒரு பவர் சப்ளை, ஏர்கான் போட்ட ஓர் அறை. மற்றவர் கணக்கில் எடுப்பது அந்த வகை டிரான்சிஸ்டரில் கைக்குச் சிக்கக்கூடிய ஆக மோசமான ஒன்றை.

கீழே உள்ளவை அறிகுறி வாரியாகப் பிரிக்கப்பட்டவை. ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும், செலவு பிடிப்பது பிறகு வரும். உங்கள் அறிகுறிக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

## சோதனைக்கு முன்: “ஓடும்” என்பதை எண்ணால் எழுதுங்கள்

ஒரு தாளில் ஐந்து வரி போதும். சப்ளை வோல்டேஜ் எதிலிருந்து எதுவரை, லோடு இழுக்கும் உச்ச கரண்ட், பெட்டிக்குள் வெப்பநிலை, எத்தனை போர்டு, எத்தனை காலம். உதாரணமாக: 4.75 முதல் 5.25 வோல்ட், ரிலே (சுருளில் கரண்ட் போனால் இழுக்கும் மின் சுவிட்ச்) 71 மில்லிஆம்பியர், 25 முதல் 60 டிகிரி, 200 போர்டு, மூன்று ஆண்டு.

பல சர்ச்சைகள் இந்தத் தாளிலேயே முடிந்துவிடும். ஒருவர் வெள்ளிக்கிழமை காட்சிக்கு ஒரு போர்டை மனத்தில் வைத்துப் பேசியிருப்பார், மற்றவர் விற்பனைக்குப் போகும் இருநூறை நினைத்துப் பேசியிருப்பார்.

இரண்டாவது, டேட்டாஷீட்டில், அதாவது பாகத்தின் அளவுகளை உற்பத்தியாளர் எழுதித்தரும் தாளில், எந்தக் கட்டத்தைப் படிக்கிறீர்கள் என்பது. ‘வழக்கமான மதிப்பு’ என்ற நடுக்கட்டத்துக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. உற்பத்தியாளர் பொறுப்பேற்பது குறைந்தபட்சம், அதிகபட்சம் என்ற இரண்டு கட்டங்களுக்கு மட்டுமே. ஒரே ஒரு போர்டு செய்து கையால் சரிசெய்துகொள்வதானால் நடுக்கட்டம் போதும். பத்துக்கு மேல் போனால் ஓரக் கட்டங்களை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

## அறிகுறி 1: சிமுலேஷனில் ஓடுகிறது, போர்டில் அசைவே இல்லை

எல்டிஸ்பைஸ் போன்ற, சர்க்யூட்டைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருளில் எல்லாக் கிரவுண்டும் (பூஜ்ய வோல்ட் கோடு) ஒரே புள்ளி. வயருக்கு நீளமில்லை. சில மாடல்களில் ஐசியின் பவர் கால்கள் தாமாகவே இணைந்திருக்கும். போர்டில் இந்த மூன்றையும் நாம்தான் செய்ய வேண்டும்.

முதலில் பெஞ்ச் சப்ளையின் கரண்ட் வரம்பை 100 மில்லிஆம்பியரில் வைத்து மின்சாரம் கொடுங்கள். உடனே வரம்பைத் தொட்டால் ஷார்ட் இருக்கிறது. ஏதாவது ஒரு பாகம் திரும்பி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் இயல்பாக இருந்தால் இந்த வரிசையில் போங்கள்:

பொதுக் கிரவுண்ட். மைக்ரோகன்ட்ரோலருக்கு ஒரு சப்ளை, மோட்டாருக்கு வேறு சப்ளை என்றால் இரண்டின் கிரவுண்டும் சேர்ந்திருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டுக்கும் நடுவே ஓம் பாருங்கள். 1 ஓமுக்கு மேல் காட்டினால் வேறெதையும் தேடுவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

பவர் கால். ப்ரோப்பை ஐசியின் காலிலேயே வையுங்கள், போர்டின் பேடில் வேண்டாம். பேடில் 5 வோல்ட் இருந்து காலில் இல்லையென்றால் ஈயம் பிடிக்கவில்லை.

கால் வரிசை. கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் பாகம் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கேட்டது இல்லாதபோது கடையில் ‘இதுவும் அதே மாதிரிதான்’ என்று மாற்று கொடுப்பார்கள். மின் அளவில் அது சரியாகவும் இருக்கும், ஆனால் கால் வரிசை மாறியிருக்கும். தட்டையான முகத்தை நம் பக்கம் வைத்துப் பார்த்தால் பிசி547க்கு இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். பிஎன்2222க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். பி2என்2222 என்று அச்சடித்திருந்தால் மறுபடியும் பிசி547இன் வரிசைதான். ரெகுலேட்டரிலும் இதே தொல்லை உண்டு. 7805க்கு உள்ளீடு, கிரவுண்ட், வெளியீடு. ஏஎம்எஸ்1117க்கு கிரவுண்ட், வெளியீடு, உள்ளீடு.

திறந்த கலெக்டர் வெளியீடு. எல்எம்393, எல்எம்339 கம்பாரேட்டர்களால் வெளியீட்டைக் கீழே இழுக்க மட்டுமே முடியும். மேலே தூக்க 4.7 கிலோஓம் புல்-அப் ரெசிஸ்டர் வேண்டும். சிமுலேஷனில் பொதுவான கம்பாரேட்டர் மாடலைப் போட்டவருக்கு இது தெரியவே வராது.

வெளியீடு 3.5 வோல்ட்டில் முட்டி நிற்கிறது. 5 வோல்ட்டில் ஓடும் எல்எம்358 என்றால் இது பழுதல்ல. அதன் வெளியீடு சப்ளையைவிட ஏறத்தாழ 1.5 வோல்ட் கீழேயே நின்றுவிடும். உள்ளீட்டு வரம்பும் அப்படித்தான். 5 வோல்ட் வரை முழு வீச்சும் வேண்டுமென்றால் ரெயில்-டு-ரெயில் வகை எம்சிபி6002 போடலாம், கால் வரிசை ஒன்றே. ஆனால் எம்சிபி6002 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 12 வோல்ட் போர்டில் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிட வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்து, காலில்லாத க்யூஎஃப்என், பிஜிஏ வகை ஐசியின் அடியில் சந்தேகம் இருந்தால் கையால் சூடுபோட்டு முயற்சிக்காதீர்கள். எக்ஸ்-ரேயும் ரீவொர்க் இயந்திரமும் உள்ள அசெம்பிளி பட்டறையிடம் கொடுங்கள்.

## அறிகுறி 2: ஒரு போர்டில் ஓடுகிறது, இன்னொன்றில் ஓடவில்லை

அதிகச் சண்டை நடக்கும் இடம் இதுதான். ‘ஓடும்’ என்பவர் கையில் நிஜமாகவே ஓடும் போர்டு இருக்கும்.

### ரிலேயை டிரான்சிஸ்டர் இழுக்கும் சர்க்யூட் என்றால்

அடிக்கடி வரும் உதாரணம்: 3.3 வோல்ட் கன்ட்ரோலர், 10 கிலோஓம் பேஸ் ரெசிஸ்டர், பிசி547, 5 வோல்ட் ரிலே. அந்த ரிலேயின் சுருள் 70 ஓம், அதாவது 71 மில்லிஆம்பியர்.

பேஸுக்குப் போகும் கரண்ட் (3.3 − 0.7) ÷ 10,000 = 0.26 மில்லிஆம்பியர். 71 மில்லிஆம்பியர் வேண்டுமானால் டிரான்சிஸ்டரின் பெருக்கம், அதாவது பேஸ் கரண்டைப் போல எத்தனை மடங்கு கலெக்டரில் ஓடும் என்ற எண், 273 இருக்க வேண்டும். பிசி547 ‘ஏ’ பிரிவில் பெருக்கம் 110 முதல் 220, ‘பி’ பிரிவில் 200 முதல் 450, ‘சி’ பிரிவில் 420 முதல் 800. அதுவும் 2 மில்லிஆம்பியரில் அளந்தது. கரண்ட் ஏற ஏறப் பெருக்கம் குறையும்.

இனி ரிலேயின் பக்கம். இந்த வகை ரிலே 75 விழுக்காடு வோல்டேஜிலேயே, அதாவது 3.75 வோல்ட்டில், இழுத்துவிட வேண்டும் என்பதுதான் அதன் வரையறை. அதற்கு 54 மில்லிஆம்பியர் போதும், பெருக்கம் 206 போதும். எனவே ‘சி’ பிரிவு போட்டவர் போர்டில் டக்கென்று அடிக்கும், ‘பி’யில் சில அடிக்கும், ‘ஏ’யில் பல அடிக்காது. அடிக்கிற போர்டும் மதியச் சூட்டில் அடிக்காமல் போகலாம். செம்புச் சுருளின் ஓம் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 விழுக்காடு ஏறுகிறது, இழுக்கத் தேவையான வோல்டேஜும் கூடவே ஏறுகிறது.

சோதனை மிக எளிது. ரிலே இழுத்திருக்கும்போது கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே வோல்டேஜ் பாருங்கள்.

0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்திருக்கிறது, குறை வேறெங்கோ இருக்கிறது. 0.5 வோல்ட்டுக்கு மேல் என்றால் அரைகுறையாகத் திறந்திருக்கிறது. ‘ஓடாது’ என்றவர் சொன்னதுதான் சரி, போர்டு ஓடிக்கொண்டிருந்தாலும் சரி.

பரிகாரம் ஒரு ரெசிஸ்டர். டேட்டாஷீட் டிரான்சிஸ்டரை முழுதாகத் திறக்க 100 மில்லிஆம்பியருக்கு 5 மில்லிஆம்பியர் பேஸ் கரண்ட் கொடுக்கிறது, அதாவது இருபதில் ஒரு பங்கு. 71க்கு 3.6 மில்லிஆம்பியர் வேண்டும். 560 ஓம் போட்டால் 4 மில்லிஆம்பியருக்கு மேல் கிடைக்கும். கன்ட்ரோலரின் கால் அவ்வளவு தரமுடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலானவை தரும். பிசி547இன் உச்ச வரம்பே 100 மில்லிஆம்பியர் என்பதால், ரிலே இன்னும் பெரிதானால் பிசி337க்கு மாறிவிடுங்கள்.

### மாஸ்ஃபெட் என்றால்

மாஸ்ஃபெட் என்பது கேட் என்ற காலின் வோல்டேஜால் திறக்கும் டிரான்சிஸ்டர், லோடு கரண்ட் ட்ரெயின், சோர்ஸ் என்ற மற்ற இரண்டு கால்கள் வழியாகப் போகும். ‘திறப்பு வோல்டேஜ் 2 முதல் 4, நாம் 3.3 கொடுக்கிறோம், போதும்’ என்று வாதம் வரும். ஐஆர்எஃப்540என் டேட்டாஷீட்டில் அந்த 2 முதல் 4 வோல்ட் என்பது வெறும் 250 மைக்ரோஆம்பியர் கசியத் தொடங்கும் புள்ளி. 44 மில்லிஓம் என்று போட்டிருக்கும் எண் கேட்டில் 10 வோல்ட் இருக்கும்போது மட்டுமே உண்மை.

சோதனை: 12 வோல்ட், 2 ஆம்பியர் எல்இடி பட்டையை எரியவிட்டு ட்ரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவே அளக்கவும். 0.1 வோல்ட்டுக்குள் வர வேண்டும். 3 வோல்ட் காட்டினால் அந்தச் சின்ன உடம்பில் 6 வாட் எரிகிறது. விரல் வைக்காதீர்கள்.

மாற்றும்போது கேட் வோல்டேஜையும் ஓமையும் ஒரே வரியில் சேர்த்துப் படியுங்கள். ஐஆர்எல்இசட்44என் 4 வோல்ட்டில் 35 மில்லிஓம் என்று உறுதி தருகிறது. 5 வோல்ட் கன்ட்ரோலருக்குச் சரி, 3.3க்கு உறுதி இல்லை. ஏஓ3400ஏ 2.5 வோல்ட்டிலேயே 48 மில்லிஓமுக்குள் என்கிறது. 2 ஆம்பியரில் 0.19 வாட்தான். அது 30 வோல்ட் வரையுள்ள பாகம் என்பதால் 12 வோல்ட் வேலைக்குப் பொருந்தும், 24 வோல்ட் மோட்டாருக்கு இடைவெளி போதாது.

இன்னொன்று: கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 முதல் 100 கிலோஓம் வையுங்கள். கன்ட்ரோலர் விழித்தெழும் அந்த ஒரு நொடியில் கால் தொங்கிக்கொண்டிருக்கும், மோட்டார் துள்ளும்.

### பாகமே போலி என்ற சந்தேகம்

எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் இங்கே வர வேண்டும். ‘பாகம் டூப்ளிகேட்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டால் டிசைன் குறை மறைந்துபோகும். ஒரே போர்டில் சந்தேகப் பாகத்தையும் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்கியதையும் மாற்றி மாற்றிப் போட்டு, மேலே சொன்ன அதே அளவை எடுங்கள். அளவு பாகத்தோடு நகர்ந்தால் பாகத்தில் குறை. போர்டோடு நின்றால் டிசைனிலோ ஈயத்திலோ குறை.

## அறிகுறி 3: பவர் போட்டதும் சரி, வை-ஃபை தொடங்கினாலோ ரிலே இழுத்தாலோ ரீசெட் ஆகிறது

மல்ட்டிமீட்டரில் 3.3 வோல்ட் என்று காட்டும். அதைச் சான்றாக வைத்து ‘சப்ளையில் குறையில்லை’ என்று வாதிடுபவர் உண்டு. மல்ட்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டுகிறது, ஒரு மில்லிநொடிச் சரிவு அதற்குத் தெரியாது. ஸ்கோப்பை, அதாவது வோல்டேஜ் மாறுவதைப் படமாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பை, 3.3 வோல்ட் கோட்டில் வைத்து, ட்ரிகரை 3.0 வோல்ட்டில் இறங்கும் பக்கமாக, ஒரே முறை பிடிக்கும்படி வைத்துக் காத்திருங்கள்.

சரிவு தெரிந்தால், முதலில் யுஎஸ்பி வயரை மாற்றுங்கள். மெல்லிய 28 கேஜ் வயருக்கு மீட்டருக்கு 0.21 ஓம். போகவர இரட்டிப்பு. ஒன்றரை மீட்டர் வயரில் அரை ஆம்பியர் போனால் 0.32 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. சார்ஜர் 4.75 வோல்ட் கொடுத்தால் போர்டுக்கு வருவது 4.43. அங்கே ஏஎம்எஸ்1117 இருந்தால் அது 1.1 முதல் 1.3 வோல்ட் வரை தனக்கென்று பிடித்துக்கொள்ளும். மிச்சம் 3.13. வை-ஃபை உள்ள இஎஸ்பி32 கன்ட்ரோலருக்கு 3.3 வோல்ட்டில் குறைந்தது அரை ஆம்பியர் தரக்கூடிய சப்ளை வேண்டும் என்று அதன் உற்பத்தியாளரே சொல்கிறார். குறுகிய, தடித்த வயரில் ரீசெட் நின்றால் டிசைனை மாற்றவே வேண்டியதில்லை, வயரின் அளவைக் குறிப்பில் எழுதினால் போதும்.

லித்தியம் பேட்டரியில் ஓட்டுகிறீர்களா? முழு சார்ஜில் 4.2 வோல்ட், வேலை நேரத்தில் பெரும்பாலும் 3.7. ஏஎம்எஸ்1117 வழியாக வெளிவருவது 2.6 வோல்ட். புது பேட்டரியில் காலையில் ஓடி மதியம் நின்றுபோகும் போர்டுகளின் கதை இதுதான். ஏபி2112 போன்ற குறைந்த இழப்பு ரெகுலேட்டருக்கு 600 மில்லிஆம்பியரில் 0.4 வோல்ட்டுக்குள் போதும். பேட்டரியைக் கடைசிச் சொட்டு வரை பயன்படுத்த வேண்டுமானால் பக்-பூஸ்ட் கன்வெர்ட்டர் வேண்டும், விலை ஏறும்.

கப்பாசிட்டர். தேவையைக் கணக்கிட: கரண்ட் × நேரம் ÷ அனுமதிக்கும் சரிவு. 0.3 ஆம்பியர், 100 மைக்ரோநொடி, 0.1 வோல்ட் என்றால் 300 மைக்ரோஃபாரட், கடையில் 470 கிடைக்கும். ‘நான்தான் 10 மைக்ரோஃபாரட் செராமிக் இரண்டு போட்டிருக்கிறேனே’ என்று சொல்பவர், 6.3 வோல்ட் தரமுள்ள சின்ன எக்ஸ்5ஆர் கப்பாசிட்டர் 5 வோல்ட் ஏறியதும் பாதிக்கும் மேல் கொள்ளளவை இழக்கக்கூடும் என்பதைப் பார்க்க வேண்டும். உற்பத்தியாளர் தளத்தில் அந்தப் பாகத்துக்கே வளைகோடு இருக்கும். சிமுலேஷனில் அது எப்போதும் 10தான்.

சரிவு இல்லை, ஆனால் கோடு அலையாக நடுங்குகிறது. ஏஎம்எஸ்1117 வெளியீட்டில் 22 மைக்ரோஃபாரட் டான்டலம் எதிர்பார்க்கிறது. அந்தக் கப்பாசிட்டரின் உள்-ஓம்தான் ரெகுலேட்டரை நிலையாக வைக்கிறது. செராமிக் மட்டும் போட்டால் அது குறைந்துபோய் ரெகுலேட்டர் ஊசலாடலாம். டான்டலம் போடுங்கள், அல்லது செராமிக்கோடு தொடராக அரை ஓம் சேர்த்துப் பாருங்கள்.

சரிவும் இல்லை, நடுக்கமும் இல்லை, ரிலே விடும்போது மட்டும் ரீசெட். சுருளின் குறுக்கே டையோடு இருக்கிறதா? 1என்4148 அல்லது 1என்4007, கோடு போட்ட பக்கம் பாசிட்டிவில். திருப்பிப் போட்டால் முதல் முறையே டிரான்சிஸ்டர் போய்விடும். டையோடு இருந்தும் நிற்கவில்லையென்றால் தொல்லை காண்டாக்ட் பக்கத்தில், மோட்டாரோ சோலனாய்டு வால்வோ அணையும் தீப்பொறியில். 100 ஓமும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 (வீட்டு மின்சாரத்துக்கென்றே செய்த வகை) கப்பாசிட்டரும் தொடராக லோடின் குறுக்கே வைக்கவும். காண்டாக்ட்டின் குறுக்கே வைத்தால் 240 வோல்ட்டில் 7.5 மில்லிஆம்பியர் எப்போதும் கசியும். அணைத்த பிறகும் எல்இடி விளக்கு மங்கலாக எரிவது இதனால்தான். இந்த வேலை 240 வோல்ட் பக்கம் என்பதால் அறிகுறி 7இன் எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

## அறிகுறி 4: ஏர்கான் அறையில் சரி, மதியம் செத்துப்போகிறது

22 டிகிரி ஆய்வகத்தில் தேறிய போர்டு, ஷா ஆலம் பக்கம் தகரக் கூரைக்கடியில் பூட்டிய பெட்டிக்குள் போகிறது. பெட்டிக்குள் 55, 60 டிகிரி ஆவது சாதாரணம்.

காகிதத்தில் ஒரு பெருக்கல் போடுங்கள். 12 வோல்ட் உள்ளீடு, 7805, 300 மில்லிஆம்பியர்: (12 − 5) × 0.3 = 2.1 வாட். ஹீட்சிங்க் இல்லாத டிஓ-220 உடம்புக்கு வாட்டுக்கு ஏறத்தாழ 65 டிகிரி. 136 டிகிரி ஏற்றம். 22 டிகிரி அறையிலேயே 158 ஆகிவிடும், உள்ளே இருக்கும் வெப்பக் காவல் அணைத்துவிடும். வாட்டுக்கு 10 டிகிரி ஹீட்சிங்க் வைத்து, உள்ளுக்கும் பசைக்கும் 6 சேர்த்தால் 16 × 2.1 = 34 டிகிரிதான். 60 டிகிரி பெட்டியிலும் 94, தாங்கும்.

12 வோல்ட்டை நேராக ஏஎம்எஸ்1117க்குக் கொடுத்து 300 மில்லிஆம்பியர் எதிர்பார்ப்பவரோடு வாதமே வேண்டாம். 2.6 வாட்டை அந்தச் சின்ன எஸ்ஓடி-223 உடம்பால் வெளியேற்ற முடியாது. சில ரிங்கிட் விலையுள்ள பக் மாட்யூல் ஒன்றை முன்னால் வைத்து 5 வோல்ட்டாக இறக்குங்கள்.

கணக்கு எல்லையோரமாக வந்தால் ஹேர் டிரையரால் ஒவ்வொரு பாகமாகச் சூடேற்றி, தெர்மோகப்பிளை உடம்பில் ஒட்டிப் படியுங்கள். எது சூடானதும் போர்டு விழுகிறதோ அதன்மேல் குளிர் ஸ்ப்ரே அடியுங்கள், எழுந்தால் குற்றவாளி அதுதான்.

‘மூன்று ஆண்டு’ என்று தாளில் எழுதியிருந்தால் எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டரையும் கணக்கில் எடுங்கள். 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்றால், பத்து டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிப்பாகும். 65 டிகிரியில் 32,000 மணி, ஏறத்தாழ மூன்றரை ஆண்டு. 85 டிகிரி வகையைப் போட்டால் அது 8000 மணிதான், ஓராண்டுக்கும் குறைவு.

## அறிகுறி 5: ப்ரோப் வைத்தால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது

ப்ரோப் வெறும் பார்வையாளர் அல்ல. 10 மடங்கு நிலையில் 10 மெகாஓமும் 10 முதல் 15 பிகோஃபாரடும் சர்க்யூட்டில் சேர்கின்றன. 1 மடங்கு நிலையில் 100 பிகோஃபாரட் அளவு சேர்கிறது. அதைச் சேர்த்தால் ஓடுகிறது என்றால் அந்த இடத்தில் ஏதோ ஒன்று குறைவாக இருக்கிறது.

விரல் வைத்தாலும் ஓடுகிறதா? தொங்கும் உள்ளீடு. 10 கிலோஓம் புல்-அப் அல்லது புல்-டவுன் போடுங்கள். பேனா முனையால் அழுத்தினாலும் ஓடுகிறதா? ஈயம் பிடிக்காத கால். இரண்டும் இல்லையென்றால் கிறிஸ்டல் அல்லது நீண்ட டேட்டா கோடு.

கிறிஸ்டல். அதன் மேல் எழுதாத ஓர் எண் உண்டு, லோடு கப்பாசிட்டன்ஸ். 12.5 பிகோஃபாரட் என்றால், போர்டின் சுயக் கொள்ளளவு 4 என்று வைத்து, இரண்டு பக்கமும் (12.5 − 4) × 2 = 17, கடையில் 18. கடிகார ஐசிகளுக்குத் தனிக் கவனம் தேவை. டிஎஸ்1307 12.5 பிகோஃபாரட் கிறிஸ்டல் கேட்கிறது, டிஎஸ்1302 6 கேட்கிறது, இரண்டுக்கும் வெளியே கப்பாசிட்டர் வேண்டாம். மாறிப்போனால் கடிகாரம் ஓடும், ஆனால் நேரம் தப்பும். அதிர்வெண்ணைக் கிறிஸ்டல் காலில் அளக்காதீர்கள். டிஎஸ்1307 போல சதுர அலை வெளியீடு உள்ள ஐசியில் அந்த வெளியீட்டில் அளந்தால்தான் ப்ரோப் அதைக் கெடுக்காது.

ஐ-ஸ்கொயர்-சி கோடு, அதாவது கன்ட்ரோலரும் சென்சார்களும் பேசிக்கொள்ளும் இரண்டு வயர். ஏறும் நேரம் = 0.85 × ரெசிஸ்டர் × கொள்ளளவு. கோட்டில் 200 பிகோஃபாரட், புல்-அப் 10 கிலோஓம் என்றால் 1.7 மைக்ரோநொடி. 100 கிலோஹெர்ட்ஸுக்கு அனுமதி 1 மைக்ரோநொடி. 4.7 கிலோஓம் போட்டால் 0.8, தேறும். 400 கிலோஹெர்ட்ஸுக்கு அனுமதி 0.3 மட்டுமே. அங்கே 1.5 கிலோஓம் தேவைப்படும். கடையில் வாங்கிய சென்சார் போர்டுகள் ஒவ்வொன்றும் தன் புல்-அப்பைக் கொண்டுவரும் என்பதால் ஐந்தாறு சேர்ந்தால் எதிர்த் திசையில் தப்பும். கோட்டைக் கீழே இழுக்கும் பாகத்துக்கு 3 மில்லிஆம்பியர்தான் உறுதி.

### இவர் ஸ்கோப்பில் இரைச்சல், அவர் ஸ்கோப்பில் சுத்தம்

பவர் கோட்டில் 200 மில்லிவோல்ட் இரைச்சல் என்று ஒருவர் படம் எடுத்துக் காட்டுவார், மற்றவர் அளந்தால் 20 மில்லிவோல்ட் இருக்கும். பெரும்பாலும் காரணம் ப்ரோப்பின் கிரவுண்ட் வயர். 15 செண்டிமீட்டர் வயரில் ஏறத்தாழ 150 நானோஹென்றி இருக்கிறது. ப்ரோப்பின் 12 பிகோஃபாரடோடு சேர்ந்து அது 120 மெகாஹெர்ட்ஸ் அருகே தானே மணியடிக்கும். வயரைக் கழற்றி, ப்ரோப் முனையில் மாட்டும் சுருள் கிரவுண்டை வைத்து, கப்பாசிட்டரின் இரண்டு முனையிலும் நேராகத் தொட்டு இருவரும் மறுபடி அளக்கவும். பேண்ட்வித் வரம்பை 20 மெகாஹெர்ட்ஸில் வைத்தீர்களா இல்லையா என்பதைப் படத்திலேயே குறித்துவிடுங்கள்.

## அறிகுறி 6: மழை நாளில் மட்டும் ரீடிங் நகர்கிறது

மெகாஓம் அளவு ரெசிஸ்டர்கள் உள்ள இடத்தில் கழுவாத ஃப்ளக்ஸும் (ஈயம் பிடிக்க உதவும் பசை) ஈரமும் சேர்ந்து கரண்டைக் கசியவிடுகின்றன. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, உலர்த்தி, மறுபடி அளக்கவும். சரியானால் கன்ஃபார்மல் கோட்டிங், அதாவது போர்டை ஈரத்திலிருந்து காக்கும் பூச்சு, அடிக்கவும். கழுவாமல் கோட்டிங் அடித்தால் அழுக்கை உள்ளே பூட்டிவைத்த கணக்கு. கோட்டிங்குக்குப் பிறகும் நகர்ந்தால் ரெசிஸ்டர்களைப் பத்து மடங்கு குறைத்து டிசைனை மாற்றுவதுதான் வழி.

## அறிகுறி 7: வீட்டு மின்சாரத்தில் மாட்டும் சர்க்யூட், ‘சோதித்தாயிற்று, ஓடுகிறது’

மலேசியாவில் 2008 முதல் பெயரளவு மின்னழுத்தம் 230 வோல்ட், 10 விழுக்காடு மேலே, 6 விழுக்காடு கீழே. 216 முதல் 253 வரை எதுவும் வரலாம்.

டிரான்ஸ்ஃபார்மர் சப்ளை என்றால் இந்தக் கணக்கு: 12 வோல்ட் என்று எழுதிய சின்ன டிரான்ஸ்ஃபார்மர் லோடு இல்லாதபோது 20 விழுக்காடு வரை கூடுதலாகத் தரும், 14.4. மின்னழுத்தம் 253 ஆனால் 15.8. உச்சம் 1.414 மடங்கு, டையோடு இழப்புக் கழித்து 21 வோல்ட். 16 வோல்ட் கப்பாசிட்டர் போட்டவர் மேசையில் லோடோடு அளந்து 15 வோல்ட் பார்த்திருப்பார். 35 வோல்ட் போடுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல் கப்பாசிட்டர் வழியாக இறக்கும் சப்ளை பற்றித்தான் சூடான வாதம் நடக்கும். 0.47 மைக்ரோஃபாரட் 230 வோல்ட்டில் 34 மில்லிஆம்பியர் தரும், அது மின் கணக்குப்படி ஓடும். ஆனால் அந்தப் போர்டின் கிரவுண்டும் சென்சார் வயரும் பட்டனும் எல்லாமே வீட்டு மின்சாரத்தோடு நேராக ஒட்டியவை. யாராவது தொடக்கூடிய எதுவும் வெளியே வருகிறது என்றால் அந்த டிசைன் கூடாது. தனிமைப்படுத்திய 5 வோல்ட் மாட்யூல் போடுங்கள். ஏற்கெனவே ஓடும் இத்தகைய போர்டில் சில ஆண்டுக்குப் பிறகு ரிலே படபடவென்று அடித்தால் அந்த எக்ஸ்2 கப்பாசிட்டர் கொள்ளளவு இழந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கி, கப்பாசிட்டர் வடிந்துவிட்டதா என்று வோல்டேஜ் பார்த்துவிட்டு, கழற்றி அளக்கவும்.

ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை இந்தப் போர்டில் எங்கும் வைக்காதீர்கள். அந்தக் கிளிப் 13 ஆம்பியர் பிளக் வழியாகப் பூமியோடு சேர்ந்திருக்கிறது. ட்ரிப் விழுந்தால் அதிர்ஷ்டம், போர்டும் ஸ்கோப்பும் போகலாம், உயிரும் போகலாம். ஸ்கோப்பின் எர்த் காலை வெட்டிவிட்டு அளக்கும் பழக்கம் இன்னும் மோசம், ஸ்கோப்பின் உடம்பே ஷாக் அடிக்கும். டிஃபரென்ஷியல் ப்ரோப்பும் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவரும் இல்லையென்றால் இந்த இடத்தில் கையை எடுத்துவிடுங்கள். சுவர் வயரிங், டிபி பெட்டி (வீட்டு மின் பகிர்வுப் பெட்டி) வரை போகும் வேலை என்றால் எரிசக்தி ஆணையத்தில், அதாவது சுருஹான்ஜாயா தெனாகாவில், பதிவுபெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும்.

## இருவரும் அளந்தாயிற்று, இன்னும் ஒத்துப்போகவில்லை

அடுத்த அளவை எடுப்பதற்கு முன் இருவரும் தனித்தனியாக எதிர்பார்க்கும் எண்ணைத் தாளில் எழுதுங்கள். ‘ஓடும், ஓடாது’ என்று எழுதக் கூடாது. ‘கலெக்டரில் 0.2 வோல்ட்’, ‘0.9 வோல்ட்’ என்று எழுத வேண்டும். எண்கள் ஒன்றாக இருந்தால் சர்ச்சை சர்க்யூட்டைப் பற்றியதல்ல, எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதைப் பற்றியது. அதை முடிவு செய்ய வேண்டியவர் பொருளுக்குப் பொறுப்பானவர்.

எண்கள் வேறாக இருந்தால் ஐந்து போர்டு எடுத்து நான்கு மூலைகளில் ஓட்டுங்கள்: குறைந்த வோல்டேஜும் குறைந்த சூடும், குறைந்த வோல்டேஜும் அதிகச் சூடும், அதிக வோல்டேஜில் அதே இரண்டு. சூட்டுக்கு ஹேர் டிரையரும் அட்டைப் பெட்டியும் தெர்மோகப்பிளும் தொடக்கத்துக்குப் போதும். சிமுலேஷனில் செய்வதானால் ரெசிஸ்டருக்கு 5 விழுக்காடு, செராமிக்குக்குச் சரிந்த கொள்ளளவு, டிரான்சிஸ்டருக்குக் குறைந்தபட்சப் பெருக்கம் என்று மாற்றி மறுபடி ஓட்டுங்கள்.

இதற்கு மேல் காசு கொடுத்து ஆள் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. லித்தியம் பேட்டரியைத் தொடராக அடுக்கும் டிசைன். இரைச்சல், கதிர்வீச்சுச் சோதனையில் தேறாத போர்டு. வை-ஃபை, ப்ளூடூத் வைத்து விற்பனைக்குப் போகும் பொருள். கடைசியதற்கு எம்சிஎம்சி (தொடர்பு, பல்லூடக ஆணையம்) விதிப்படி சான்றிதழ் வேண்டும், சிரிம் என்ற சான்றளிப்பு நிறுவனம் வழியாக விண்ணப்பிக்கலாம். ஆய்வகத்துக்குப் போகும் முன் மேலே உள்ள நான்கு மூலைச் சோதனையை முடித்துவிடுங்கள். அங்கே மணிக்கணக்கில் கட்டணம்.

முடிவு கிடைத்ததும் அதை ஸ்கீமேட்டிக்கிலேயே, அந்தப் பாகத்தின் பக்கத்தில் எழுதுங்கள்: ‘560 ஓம், பேஸ் கரண்ட் 4 மில்லிஆம்பியர், 10 கிலோஓமாக மாற்ற வேண்டாம், பிசி547ஏ வந்தால் ரிலே இழுக்காது’. ஆறு மாதம் கழித்து பாகப் பட்டியலைச் சுருக்க வருபவர் முதலில் கை வைப்பது இந்த ரெசிஸ்டரில்தான்.